யாருக்காக எழுதிய பக்கம் இது?

1999ஆம் ஆண்டில் ஆங்கில மின்னஞ்சலாகக் கிளம்பிய ஒரு செய்தி இன்னும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் உலா வந்துகொண்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் ஆழமாக மூச்சிழுத்து, விடாமல் பலமாக இரும வேண்டுமாம். இருமல் இதயத்தைப் பிழிந்து ரத்தத்தை ஓட வைக்குமாம். அப்படியே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமாம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்து மருத்துவமனை ஒன்றின் பெயர் அதில் ஒட்டியிருந்தது. எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த மருத்துவமனை கைகழுவிவிட்டது. அமெரிக்க இதயச் சங்கமும் பொதுமக்களுக்கு இதைப் பரிந்துரைக்க மறுத்தது. ஆனாலும் எங்கள் ஊர் நடைப்பயிற்சிக் குழுவில் தை பிறந்தாலும் வருகிறது, ஆடி பிறந்தாலும் வருகிறது.

இந்தச் செய்தி இத்தனை ஆண்டு உயிரோடு இருப்பதற்குக் காரணம், அதற்குள் ஒரு துளி உண்மை இருப்பதுதான். இதய ரத்தக்குழாயில் கருவி செலுத்திப் பரிசோதிக்கும் அறையில், திரையில் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகிற அந்த நொடியில், இன்னும் நினைவு தப்பாத நோயாளியை மருத்துவர் இருமச் சொல்வது உண்டு. அடுத்த சில நொடிகளைக் கடத்த அது உதவும். அங்கே மருத்துவர் இருக்கிறார், மின்னதிர்ச்சிக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பைபாஸ் சாலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு இவை எதுவும் இல்லை. மேலும் மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பு வந்தவரின் இதயம் பெரும்பாலும் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அவர் செய்ய வேண்டியது வண்டியை ஓரங்கட்டி 108ஐ அழைப்பது.

நான் மருத்துவர் அல்ல. டெல்டாப் பகுதியில் ஒரு சிறிய ஊரின் கிளை நூலகர். செய்தித்தாள் படிக்க வருகிறவர்கள் போனை நீட்டி ‘இது உண்மையா சார்’ என்று கேட்பது இப்போது என் வேலையில் பாதி ஆகிவிட்டது. முதலில் எனக்கும் இதைப் பொய்யைக் கண்டுபிடிக்கும் வேலை என்றுதான் தோன்றியது. போகப் போக வேறொன்று புலப்பட்டது. அப்பட்டமான பொய்யை யாராவது மறுத்து எழுதியிருப்பார்கள், தேடினால் கிடைத்துவிடும். முழுக்க உண்மையான, நிபுணர்கள் எழுதிய, அரசாங்கமே வெளியிட்ட பக்கங்கள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அவை வேறு யாருக்காகவோ எழுதப்பட்டவை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வயல்காட்டு ஊரில் இதைவிட அவசரமான மருத்துவக் கேள்வி இல்லை. ஆங்கிலத்தில் தேடினால் ஆஸ்திரேலியப் பக்கங்கள் முன்னால் வந்து நிற்கும். கடிபட்ட கை அல்லது காலை விரல் நுனியிலிருந்து மேல்வரை மீள்தன்மையுள்ள துணிக்கட்டால் இறுக்கமாகச் சுற்றுங்கள், பிறகு அசையாமல் வையுங்கள் என்று படம் போட்டு விளக்கியிருப்பார்கள். இது 1970களின் இறுதியில் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் வகுத்த முறை. அந்த நாட்டின் ஆபத்தான பாம்புகள் நாகப்பாம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கடித்த இடத்தில் சதையைப் பெரிதாக அழிக்காத அந்த நஞ்சு, நிணநீர் வழியாக மெல்ல உடம்புக்குள் ஏறும். சுற்றிக் கட்டினால் அந்தப் பயணம் தாமதமாகிறது. அவர்கள் ஊருக்கு இது நல்ல முறை.

நம் ஊரில் கடிப்பவை யார்? நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கைப் பெரும் நால்வராகச் சொல்வார்கள். பின்னால் சொன்ன இரண்டு விரியன்களும் கடித்த இடத்தையே வீங்க வைத்து, சதையை அழுக வைப்பவை. அந்தக் காலை இறுக்கிச் சுற்றினால் நஞ்சு ஒரே இடத்தில் தேங்கிச் சேதத்தைக் கூட்டும். போதாததற்கு நம்மவர்கள் கட்டு என்றாலே துண்டையோ கயிற்றையோ எடுத்துச் சதை நீலம் பாரிக்கும்வரை முறுக்குவார்கள். மருத்துவமனையில் அந்தக் கட்டைச் சட்டென அவிழ்த்தால் தேங்கியிருந்த நஞ்சு மொத்தமாக உடம்புக்குள் பாயும் அபாயம் உண்டு. அதனால்தான் இந்திய அரசின் 2017ஆம் ஆண்டுச் சிகிச்சை வழிகாட்டி எளிமையாகப் பேசுகிறது. ஆளைத் தேற்றுங்கள். எலும்பு முறிந்தால் எப்படியோ அப்படிக் கடிபட்ட உறுப்பை அசையாமல் வையுங்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வீங்குவதற்கு முன்பே மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட வேண்டும். கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, ஐஸ் வைக்கக் கூடாது.

பிரிட்டன் பக்கத்தைத் திறந்தால் இன்னொரு விதமான ஆபத்து. அந்த நாட்டில் இயற்கையாக வாழும் நச்சுப் பாம்பு ஒரே ஒரு வகைதான், அது ஆளைக் கொல்வதும் அபூர்வம். ஆகவே அந்தப் பக்கத்தின் குரலில் ஒரு நிதானம் இருக்கும். 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்ட நம் நாட்டில் அந்த நிதானம் உதவாது. அதுவும் கட்டு விரியன் விஷயத்தில். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல சமயம் பல் பதிந்த தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார். வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். ‘வலியும் வீக்கமும் இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லவும்’ என்று எந்த நல்ல நாட்டுப் பக்கம் சொன்னாலும், அது இந்த மனிதரைக் கொன்றுவிடும்.

நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, மலைக்கு மலையும் கணக்கு மாறுகிறது. இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கு எதிரானது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்தது. ஒரே வகைக் கண்ணாடி விரியனின் நஞ்சுகூட வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகிறது என்பது ஆய்வாளர்களின் நீண்ட நாள் கவலை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மூக்கு நுனி எழும்பிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் நஞ்சை இந்த மருந்து முறிக்காது. யாழ்ப்பாணத்திலோ கண்டியிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் தமிழ்நாட்டுப் பக்கங்களைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நாய்க்கடிக்கும் இதே கதை. பிரிட்டனின் விலங்குக்கடிப் பக்கம் புண்ணில் கிருமி தொற்றுவதையும் டெட்டனஸையும் பற்றி முக்கியமாகப் பேசும். ரேபிஸ் என்பது வெளிநாட்டில் கடிபட்டவர்களுக்கான பேச்சாக ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். அங்குள்ள நாய்களிடம் அந்த நோய் இல்லை, எனவே அது நியாயமே. இங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது முதல் வேலை. அன்றைக்கே தடுப்பூசி தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களும் கணக்கு. ரத்தம் வருகிற காயமென்றால் காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்பொருள் மருந்தும் வேண்டும். மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை.

இடம் ஒருபுறம், தேதி மறுபுறம். குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க ‘இபிகாக்’ என்ற மருந்தை வீட்டில் வைத்திருங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பல காலம் பெற்றோருக்குச் சொல்லிவந்தார்கள். 2003இல் அவர்களது சங்கமே அதை நிறுத்தச் சொன்னது. மண்ணெண்ணெயையோ கழிப்பறை அமிலத்தையோ குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைத்தால், அது திரும்பி வரும் வழியில் உணவுக்குழாயையோ நுரையீரலையோ இரண்டாம் முறை புண்ணாக்கும். ஆனால் இணையத்தில் எதுவும் சாவதில்லை. பழைய பக்கங்கள் அப்படியே கிடக்கின்றன. நம் ஊரின் உப்புத் தண்ணீர் வைத்தியமும் அவற்றுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறது.

இன்னொன்று, தொண்டையில் உணவு அடைத்துக்கொள்வது. நினைவுள்ள பெரியவருக்கு வயிற்றில் அழுத்தித் தள்ளுங்கள் என்றே அமெரிக்கர்கள் நெடுங்காலம் கற்பித்தார்கள். முதுகில் 5 தட்டு, பிறகு வயிற்றில் 5 அழுத்தம் என்று மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார்கள் பிரிட்டிஷாரும் ஐரோப்பியரும். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த ஒருவர் ‘இவர்களுக்கே தெரியவில்லை’ என்று என்னிடம் சலித்துக்கொண்டார். 2025 அக்டோபரில் அமெரிக்க இதயச் சங்கம் தன் புதிய வழிகாட்டியில் முதுகுத் தட்டைப் பெரியவர்களுக்கும் முதலில் கொண்டுவந்துவிட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, முதுகுத் தட்டும் மார்பு அழுத்தமும்தான் என்பதில் இரு தரப்புக்கும் முன்பே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே இந்த விஷயத்தில் 2024இல் எடுத்த நல்ல காணொளிகூட இப்போது பழையது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் அடுத்துச் சரிபார்க்க வேண்டிய தேதியையும் போடுகிறது. நம்முடைய எத்தனை மருத்துவப் பக்கங்கள் தேதி என்ற ஒன்றையே போடுகின்றன?

மூன்றாவதாக, வாசகர் யார் என்ற கேள்வி. அவசர மருத்துவத்தை இந்தியா தனித்துறையாக அங்கீகரித்ததே 2009இல்தான். துறை இளமையானது என்பதாலோ என்னவோ, உலகெங்கும் அந்த மருத்துவர்கள் பாடப்புத்தகத்துக்குக் காத்திருக்காமல் இணையத்திலேயே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டார்கள். மைக் கடோகன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 2012இல் டப்ளின் மதுக்கடை ஒன்றில் கின்னஸ் பீர்க் கோப்பையின் நுரையைப் பார்த்து இந்த இயக்கத்துக்கு ‘ஃபோம்’ என்று பெயர் வைத்தாராம். இலவச, திறந்த மருத்துவக் கல்வி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அவருடைய ‘லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன்’, ஸ்காட் வெயின்கார்ட்டின் ‘எம்கிரிட்’ போன்ற தளங்களில் இருக்கும் சரக்கு அபாரமானது. எழுதியவர் பெயர் இருக்கும், எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறார் என்பது இருக்கும், மறுத்தவர் வாதமும் இருக்கும். நூலகராக நான் மனதாரப் பாராட்டும் தளங்கள் இவை. அதே நூலகராக, நோயாளியின் உறவினர் இவற்றை அவசரத்தில் திறக்கவே கூடாது என்றும் சொல்வேன்.

காரணம் சொல்கிறேன். பாம்பு கடித்த குழந்தைக்கும் பெரியவருக்கும் நஞ்சுமுறி மருந்து ஒரே அளவுதான். உள்ளே போனது பாம்பின் நஞ்சு, அது கடிபட்டவரின் எடை பார்த்து இறங்குவதில்லை. இதைத் தெரியாமல், ‘குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவு’ என்று வேறு ஏதோ மருந்தைப் பற்றிய பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு, பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவரோடு சண்டை பிடிப்பவர்கள் உண்டு. ஊசி போட மருத்துவர் 20 நிமிடம் காத்திருக்கிறார் என்று கூச்சல் போடுபவர்களும் உண்டு. அவர் சும்மா நிற்கவில்லை. கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். செலவே இல்லாத சோதனை.

இந்த மூன்றும் சரியாக இருக்கும் பக்கத்தையும் இடையில் நிற்கும் தேடுபொறி கெடுத்துவிடும். 2021இல் உலகமே சிரித்து, பிறகு நடுங்கிய உதாரணம் ஒன்று உண்டு. வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று ஆங்கிலத்தில் கேட்டவர்களுக்கு, கூகுள் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு பட்டியல் கொடுத்தது. ஆளை அழுத்திப் பிடியுங்கள், வாயில் எதையாவது வையுங்கள். எடுத்த இடம் மதிப்புக்குரிய அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பக்கம். அங்கே அந்தப் பட்டியலின் தலைப்பு ‘செய்யக் கூடாதவை’. தலைப்பைக் கழற்றிவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துவந்துவிட்டது இயந்திரம். இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கம் உட்கார்ந்திருக்கிறது. தினமும் ஒரு சிறு கல்லைச் சாப்பிடுங்கள் என்று 2024 மே மாதத்தில் நையாண்டிப் பத்திரிகையின் பகடியை அறிவுரையாக எடுத்துச் சொன்னது அதுதான். அவசரத்தில் கேட்பவர் அதற்குக் கீழே இறங்கிப் படிப்பதில்லை. (வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுக்கும் நம் வழக்கத்தை எந்தத் தேடுபொறியும் நமக்குக் கற்றுத்தரவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு மெத்தென்று எதையாவது கொடுத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.)

முத்திரைகளை நம்பலாமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். ஜெனீவாவிலிருந்து ஓர் அறக்கட்டளை மருத்துவத் தளங்களைப் பரிசோதித்து 1990களிலிருந்து ‘ஹான்கோட்’ முத்திரை கொடுத்துவந்தது. 2022 இறுதியில் அந்தச் சேவையே மூடப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு தளத்தில் அந்த முத்திரை தென்பட்டால், அதைப் பல ஆண்டுகளாக யாரும் திறந்து துடைக்கவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று.

தமிழில் தேடினால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும், கசப்பாக இருந்தாலும். ‘பாம்பு கடித்தால்’ என்று தட்டினால் மூலிகைக் காணொளிகள் வரிசை கட்டும். பக்கவாதம் வந்தவரின் விரல் நுனிகளிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி ரத்தம் வடியவிடச் சொல்லும் செய்தி நல்ல தமிழில், பிழையில்லாமல், பேராசிரியர் ஒருவர் சொன்னதாக வருகிறது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு இருக்கும் அவகாசம் நாலரை மணி நேரம். ஊசி குத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் செலவழிப்பது அந்த நேரத்தைத்தான். ஒழுங்கான தகவலைத் தமிழில் தருபவர்கள் இல்லாமல் இல்லை. ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு தன் எளிய சுருக்கங்கள் பலவற்றைத் தமிழிலும் வைத்திருக்கிறது. ஆனால் அவை அவசரக்காரரின் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

அதனால் நூலகத்தில் நான் செய்தது, அவசரம் இல்லாத நாட்களில் தேடி, ஒரே தாளில் அச்சிட்டு, வாசல் பலகையில் ஒட்டியதுதான். மூலமாக வைத்துக்கொண்டவை உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கென 2016இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டி, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஒரு பக்கச் சிகிச்சை முறைத் தாள்கள், செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பின் முதலுதவி வழிகாட்டி. மூன்றும் இலவசம். தாளின் தலையில் எண்கள். ஆம்புலன்ஸ் 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. நஞ்சு விழுங்கியவர்களுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையம், 1800 116 117. வலது மூலையில் அச்சிட்ட தேதி.

மாத்திரைப் பெயர்களை வேண்டுமென்றே போடவில்லை. மாரடைப்பு என்று சந்தேகித்தால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம் என்பது ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பிரிட்டன் தரும் அறிவுரை, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்துக்கானது. இங்கே அது நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டையும் சேர்த்துக்கொண்டு ‘சட்டைப்பையில் வைத்திருங்கள்’ என்ற செய்தியாகச் சுற்றுகிறது. ரத்த அழுத்தம் ஏற்கெனவே சரிந்துகொண்டிருப்பவருக்கும், ஆண்மைக்குறைவு மாத்திரை சாப்பிட்டிருப்பவருக்கும் சார்பிட்ரேட் கொடுத்தால் அழுத்தம் படுபாதாளத்துக்குப் போகும். இரண்டாவது விஷயத்தை மனைவி பிள்ளைகள் முன்னால் எந்த மனிதர் ஒப்புக்கொள்வார்? 108ஐ அழைத்துக் கேளுங்கள் என்று எழுதிவிட்டேன்.

இணையத்தில் எவ்வளவு தேடியும் கிடைக்காத ஒரு பகுதி அந்தத் தாளில் உண்டு. இரவு 2 மணிக்கு எங்கே நஞ்சுமுறி மருந்தும் செயற்கை சுவாசக் கருவியும் சேர்ந்து இருக்கும், எங்கே ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பார் என்பது. அதை அரசு மருத்துவமனைக்கு நேரில் போய்த்தான் கேட்டேன். செவிலியர் ஒருவர் பொறுமையாகச் சொல்லி எழுத வைத்தார். என் வரைவை வாங்கிப் படித்தவர், ‘பாதுகாப்பான தூரத்திலிருந்து பாம்பைப் படம் எடுக்கலாம்’ என்ற வரியில் விரலை வைத்து, ‘இதை எடுத்துவிடுங்கள் சார்’ என்றார். சர்வதேச வழிகாட்டிகள் அனுமதிக்கும் வரிதான் அது. அவர் பார்த்த வரையில், தூரம் என்பதை யாரும் படிப்பதில்லையாம், படம் என்பதை மட்டும் படித்துவிட்டு டார்ச்சோடு வரப்பில் இறங்குகிறார்களாம். இமை தொங்குகிறதா, ரத்தம் உறைகிறதா என்று பார்த்தே மருத்துவர் முடிவு செய்துவிடுவார், படம் இல்லாமல் சிகிச்சை நிற்காது என்றார். எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் இப்போது மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தென்கிழக்கு நேபாளத்தின் கிராமங்களில் பாம்பு கடித்தவர்களைத் தன்னார்வலர்கள் மோட்டார் சைக்கிளில் சிகிச்சை மையத்துக்கு விரைந்து கொண்டுபோன திட்டத்தில் இறப்பு வெகுவாகக் குறைந்ததாக மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியப் பக்கமோ பிரிட்டிஷ் பக்கமோ இதைச் சொல்ல வாய்ப்பில்லை. களத்து மேட்டுக்கு ஆம்புலன்ஸ் வர முடியாவிட்டால் கடிபட்டவரை நடக்கவோ வண்டி ஓட்டவோ விடாதீர்கள், ஓட்டுபவருக்கும் பின்னால் தாங்கிப் பிடிப்பவருக்கும் நடுவில் உட்கார வைத்து, சாலையில் 108 நிற்கும் இடம்வரை கொண்டுவாருங்கள் என்று எழுதி, கீழே புதிய தேதியைப் போட்டிருக்கிறேன்.